துண்டு போட்ட நாற்காலி

பிப்ரவரி 12, திங்கள்

சிலிண்டர் வந்தது. தண்ணீர் லாரி வரவில்லை. மண்டப வேலை இன்று ஆரம்பம்.

ஆறரைக்கே அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்து ஏழேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் கிழக்குச் சன்னல் வெயில் தூண்களைத் தாண்டித் தரைக்கு இறங்கிவிட்டது. கட்டடத்தைப் படம் எடுக்கிறவளுக்கு வெயில்தான் முதலாளி. பிந்திப் போனால் அது நமக்காகக் காத்திருக்காது. இனி நாளைக்குத்தான்.

தோணித் தொழிலாளர் சங்க மண்டபம் என்று முகப்பில் எழுதியிருக்கிறது. தூத்துக்குடியில் அப்படிக் கேட்டால் ஒருவருக்கும் வழி தெரியாது. தண்டல் மண்டபம் என்று கேட்க வேண்டும். தோணியின் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். அந்தக் காலத்துத் தண்டல்கள் கூடிக் கட்டிய மண்டபம். கூரை ஒழுகி, புறா அடைந்து, நாய்கூடப் படுக்க யோசிக்கும்படி கிடந்ததை ஒரு அறக்கட்டளை எடுத்துச் செப்பனிட்டிருக்கிறது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், சிவப்புத் தரை எல்லாம் பழையபடி. ஏதாவது குறை சொல்லலாம் என்று தேடித் தேடிப் பார்த்தேன். டியூப் லைட் மட்டும்தான் அகப்பட்டது. ஒன்று நீலமாக எரிகிறது, அடுத்தது மஞ்சளாக எரிகிறது.

வேலையைப் பார்த்துக்கொள்வது மைதிலி என்ற பெண். சென்னைக் கட்டடக்கலைஞர். மரியாதையான பிள்ளை. "மேடம், ஹால் முழுக்கக் காலியா வேணும். ஆள் வேணாம், ஒரு சேர்கூட வேணாம். பில்டிங் மட்டும் பேசணும்" என்றாள். பேசட்டும். நான் பேச மாட்டேன், எனக்கு முழங்கால் வலி.

25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாதானே இருக்கும் என்று அந்த நாளைக் குறித்திருக்கிறார்கள். அன்றைக்குச் சங்கத்தின் குரூப் போட்டோவும் உண்டு. அதையும் நான்தான் எடுக்க வேண்டும்.

வரும் வழியில் மைனிக்கு மல்லிகைப் பூ வாங்கினேன். அண்ணன் ஊரில் இருந்தால் பெண்டாட்டிக்குத் தினமும் வாங்கி வருவான். டிசம்பரில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி 'விண்ணரசி' இன்னும் வரவில்லை. அண்ணன் தஸ்நேவிஸ்தான் தண்டல். அவன் வரும்வரை வீடு வீடாக இருக்க வேண்டாமா?


பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று ஆறேகாலுக்கே போய்விட்டேன். எட்டுத் தூணின் நிழலும் ஒரே சாய்வில் விழுந்தது. நல்ல படம். ஆனால் பார்த்துச் சந்தோஷப்பட விடவில்லை.

சங்கச் செயலாளர் கஸ்பார் மாமா ஒன்பது மணிக்கு வந்தார். மேடைக்குப் பின்சுவரில் பழைய குரூப் போட்டோக்களைப் புதுச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். வருசத்துக்கு ஒன்று. சென்னையில் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து புதிதாக அச்சடித்தவை. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் படத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதில் அலற ஆரம்பித்தார்.

"எங்கப்பாவ எங்க? ஏளா பிரிஜித்து, எங்கப்பா நாக்காலிய எங்க?"

மைதிலி ஓடி வந்தாள். "சார், அந்த போட்டோல உங்க அப்பா இல்லையே. காலி சேர்ல டவல்தான் இருந்துச்சு. நடுநடுவுல கேப் பாக்க நல்லா இல்லன்னு எங்க ஆபீஸ்ல அதெல்லாம் எடுத்துட்டு ரோவ நீட்டா ஜாயின் பண்ணிட்டாங்க."

"சேத்துட்டாவளா!" மாமா நெஞ்சில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "பாவி மட்டைகளா, எங்கப்பா எம்பது வயசு வரைக்கும் இருந்து, கஞ்சி குடிச்சு, படுத்து செத்தாவ. அவியள நடுக்கடல்ல கொன்னுட்டியளே!"

மைதிலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாள் ஆயிற்று. அப்புறம் நான்தான் அவளைத் தனியே கூட்டிப் போய்ச் சொன்னேன், பழைய மூலப் படங்கள் கஸ்பார் மாமா வீட்டுப் பரணில் இருக்கின்றன, நானே அவற்றை அப்படியே திரும்பப் படம் எடுத்துத் தருகிறேன் என்று. காரணத்தை அவளுக்குச் சொல்லவில்லை. கடல் வழக்கத்தையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கத் தெம்பு இல்லை.


பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். மைனியும் நானும் கோயிலுக்குப் போனோம். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு, வாசலில் வந்து என்னிடம் மெதுவாக, "பிரிஜித், தஸ்நேவிசுக்கு ஒரு பூசை..." என்று தொடங்கினார். காலணியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

விண்ணரசியில் போனது ஒன்பது பேர். மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் ஜனவரியிலேயே இறந்தோர் பூசை வைத்துவிட்டார்கள். புயலில் ஒரு பலகையும் தண்ணீர் டிரம்மும் ஒதுங்கினால் எல்லாம் முடிந்ததா? அவசரக் குடுக்கைகள். எட்டுப் பேரின் பெயரையும் வாசித்தார்கள். ஒன்பதாவது பெயரை வாசிக்க நான் விடவில்லை. மைனியை அன்றைக்குக் கோயிலுக்கே அனுப்பவில்லை.

இன்று அந்தப் பெண்களெல்லாம் வெள்ளைச் சேலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மைனி பச்சைச் சேலை, தலையில் பூ. நான் சொல்லித்தான் கட்டினாள். அவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். அவள் உட்காராமல் பூசை முடியும்வரை தூண் ஓரத்திலேயே நின்றாள்.


பிப்ரவரி 15, வியாழன்

மேகம். வேலை நடக்கவில்லை. துணி துவைத்தேன்.


பிப்ரவரி 16, வெள்ளி

கஸ்பார் மாமா வீட்டு முற்றத்தில் மூலப் படங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்து எடுத்தேன். கரையான் அரித்தது பாதி, பூஞ்சை பாதி. குனிந்து நிமிர்ந்து இடுப்பு கழன்றுவிட்டது.

மைதிலியும் வந்திருந்தாள். மாமா கோபம் தணிந்து அவளுக்கு நன்னாரி சர்பத் கொடுத்து, விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

"கடல்ல இருக்கவனுக்கு நாக்காலி உண்டும்மா. வீட்டுக்காரவங்க அவன் துண்டக் கொண்டாந்து போட்டுருவாவ. அவன் சங்கத்து ஆளு, வந்து உக்காருவான்னு அர்த்தம். பஸ்ஸுல எடம் புடிக்கோம்லா, அது மாதிரி."

"அவங்க வரலன்னா சார்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் காமிராவுக்குள் பார்த்தேன்.

"வரலன்னா, அடுத்த படத்துல நாக்காலி இருக்காது. வரிச நெருங்கி மூடிரும். அத யாரும் அறிவிக்க மாட்டாவம்மா. எந்த வீட்டுக்காரிய பாத்து அத சொல்ல முடியும்? படம் புடிக்க வந்தவரு துணிக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு, 'எடவெளி தெரியுது, நெருங்கி உக்காருங்க'ன்னு ஒரு சத்தம் கொடுப்பாரு. நெருங்கி உக்காந்துருவோம். அம்புட்டுதான். அப்புறம்தான் அந்த வீட்ல அழுவாவ."

மைதிலியின் கண் கலங்கிவிட்டது. "நாங்க எல்லாரையும் நெருக்கி உக்கார வச்சுட்டோமே சார்" என்றாள். நல்ல பிள்ளைதான், பாவம்.

வீட்டுக்கு வந்தால் மைனி முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறாள், பட்டப் பகலில்! திறக்கச் சொல்லிக் கத்தினேன். டிசம்பரிலிருந்து இரவும் பகலும் அந்தக் கதவு சாத்தித்தான் இருக்கும், தாழ்ப்பாள் கிடையாது. அண்ணன் எந்த நேரத்திலும் வருவான், அவனிடம் என்ன சாவியா இருக்கிறது? தெருவில் ஆள் நடந்தால்கூடப் பயமாயிருக்கிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்கிறாள் மைனி. அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு.


பிப்ரவரி 17, சனி

மாதாவே! மாதாவே!

காலையில் மீதிப் படங்களை எடுக்கும்போது கண்டுபிடித்தேன். அடுத்தடுத்து மூன்று வருசத்துப் படங்கள். கீழே பெயர் எழுதியிருக்கிறது: தண்டல் இன்னாசி. முதல் வருசம் நாற்காலி, துண்டு. இரண்டாம் வருசமும் நாற்காலி, அதே துண்டு. மூன்றாம் வருசம் அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிறான்! துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லுப் பிள்ளையார் மாதிரி. இரண்டு வருசம் கழித்து வந்திருக்கிறான்! ஏதாவது தீவில் கரையேறியிருப்பான். எங்காவது பிடித்து வைத்திருப்பார்கள். நடக்காததா?

கஸ்பார் மாமா சந்தைக்குப் போயிருந்தார், கேட்க முடியவில்லை. கேட்க என்ன இருக்கிறது, கண்ணால் பார்த்தாயிற்று. காமிராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்காலி காலியாவதற்கு முந்தைய வருசப் படங்களில் இன்னாசிக்குக் காது கொஞ்சம் விரிந்து இருக்கிறது. இதில் இல்லை. வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்தால் அப்படித்தான் தெரியும். எனக்குத் தெரியாத வெளிச்சமா?

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து மைனியிடம் சொன்னேன். அவள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மைனி, ரெண்டு வருசம் கழிச்சு வந்துருக்காவ! ரெண்டு வருசம்!"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"இன்னும் ரெண்டு வருசமா, பிரிஜித்?" என்றாள்.

அவ்வளவுதான். திரும்ப மீனை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டிய பெண்டாட்டிக்கு இருக்கிற நம்பிக்கை இவ்வளவுதானா? பூவை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.


பிப்ரவரி 18, ஞாயிறு

மைனியின் தம்பி மணப்பாட்டிலிருந்து வந்திருந்தான். அக்காவைக் கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு போகிறேன், அங்கே பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை ஒன்று இருக்கிறது என்றான். "அண்ணன் வந்து, எங்க என் பொண்டாட்டின்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும் தம்பி? நீயே சொல்லு" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு சாப்பிடாமல் போய்விட்டான். அவனுக்காக வாங்கிய பாறை மீன் வீண்.

நேற்று வாங்கிய பூ ஆணியிலேயே காய்ந்து கிடந்தது.


பிப்ரவரி 20, செவ்வாய்

நடுச்சன்னல் படம் சரியாக வரவில்லை. நான்கு முறை எடுத்தும் தூண் கோணலாகவே நிற்கிறது. தூண் நேர்தான். காமிராதான் சாய்ந்திருக்கிறது, அல்லது நான்.

கஸ்பார் மாமா பதினோரு மணிக்கு டீ வாங்கி வந்தார். இன்னாசி எந்தத் தீவில் இருந்தாராம் மாமா என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"எந்த இன்னாசி?"

படத்தைக் காட்டினேன். மாமா டீயை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"இது இன்னாசி இல்லளா. அவன் தம்பி செபஸ்தி. இன்னாசிதான் போயிட்டானே. அவங்க அம்மக்காரி ஒரே புடி. எம்புள்ள எடத்த மூட வுடமாட்டேன், வரிசைல எடவெளிதான் உங்க கண்ண உறுத்துதுன்னா இந்தா வச்சுக்கோங்கன்னு, எளையவனுக்கு மூத்தவன் சட்டய மாட்டி உக்கார வச்சுட்டா. அவன் சாவுத வரைக்கும் அந்த நாக்காலிதான். ஊர்ல பாதிப் பேரு அவன இன்னாசின்னே கூப்பிட்டாவ. தன் பேரே மறந்துபோச்சு அந்தப் பயலுக்கு."

"இன்னாசிக்குப் பொண்டாட்டி இருந்தாளா மாமா?"

"இருந்தா. மரியசெல்வம். எனக்கு நல்லா நெனவு இருக்கு. அவள அம்மா வீட்டுக்கும் அனுப்பல, வெள்ளையும் உடுத்த வுடல. கிழவியானப்புறமும் மாமியாக்காரி வாங்கிக் குடுக்குத பூவ வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பா. நாங்க சின்னப் பயலுவ, அவளப் பாத்துச் சிரிப்போம்."

டீ ஆறிவிட்டது. மறுபடி நடுச்சன்னலை எடுத்தேன். அதுவும் கோணல்.


பிப்ரவரி 21, புதன்

எடுத்த எல்லாமே கோணல். மைதிலியிடம் கண் வலி என்று சொல்லிவிட்டேன்.

பூ வாங்கவில்லை. கடையில் கூட்டம்.


பிப்ரவரி 22, வியாழன்

மண்டபத்தில் திரும்ப எடுத்த படங்களை மாட்டினார்கள். காலி நாற்காலிகளெல்லாம் அவற்றின் இடத்துக்குத் திரும்பிவிட்டன. கஸ்பார் மாமா தன் அப்பாவின் துண்டுக்குச் சந்தன மாலை போட்டார். மாலை போட்டால் செத்துப்போனவர் ஆகிவிடாதா மாமா என்றேன். "செத்துதானளா போனாவ! மெதுவா, மரியாதையா!" என்றார்.

போகும்போது வாசற்படியில் நின்று கேட்டார். "ஞாயித்துக்கெழம நாக்காலி எண்ணிப் போடணும். இப்ப கடல்ல ஆறு பேரு இருக்காவ. தஸ்நேவிசுக்கு..."

"போடணும்."

"போட்டுருவோம், போட்டுருவோம். நான் ஒண்ணும் சொல்லல."

வீட்டில் மைனியிடம் அண்ணனின் துண்டை எடுத்து வைக்கச் சொன்னேன். ஏற்கெனவே துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். எப்போது செய்தாள் என்று தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கரி அப்பினதுபோல் கறுத்துக் கிடக்கிறது அவளுக்கு. இதுவரை நான் கவனிக்கவில்லை. முகத்தை எடுப்பது என் வேலை இல்லையே, சுவரைத்தானே எடுக்கிறேன்.


பிப்ரவரி 24, சனி

காலி மண்டபம் ஒருவழியாக முடிந்தது. காலை வெயில், எட்டுத் தூண், சிவப்புத் தரை, ஒரு ஈ காக்கை இல்லை. மைதிலி பார்த்துவிட்டு, "இதுதான் மேடம், இதுதான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. யாருமே வராத வீடு மாதிரி இருக்கிறது.


பிப்ரவரி 25, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு என்றால் மாற்றி எழுதுவேன்.

திறப்பு விழா பேச்சு, பொன்னாடை எல்லாம் ஆன பிறகு நாலரைக்குக் குரூப் போட்டோ. மண்டபத்துக்குள்ளேயே, மேடைக்கு முன்னால். முன்வரிசையில் நாற்காலிகள், பின்னால் பெஞ்சில் நிற்கிறவர்கள். கடலில் இருக்கிற ஆறு பேருக்கும் வீட்டுக்காரர்கள் துண்டு போட்டார்கள். ஒரு குழந்தை, அப்பா துண்டுமேல் தன் பலூனையும் வைத்துவிட்டுப் போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். கடைசியாக மைனி வந்தாள். கஸ்பார் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணனின் நீலக் கட்டம் போட்ட துண்டை விரித்துப் போட்டாள். விண்ணரசியில் போன மற்ற எட்டுப் பேருக்கும் நாற்காலி இல்லை. அந்த எட்டுப் பெண்களும் சன்னல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முக்காலியை நிறுத்தி, வரிசையைச் சரி பார்த்தேன். இடது ஓரம் சரி. உயரம் சரி. வழக்கமாக ஆட்களை எடுக்கும்போது நான் கண்ணைப் பார்ப்பதில்லை, தோள்களைத்தான் பார்ப்பேன். இன்று எதற்கோ வரிசைக்குப் பின்னால் பார்த்தேன். தூண் ஓரத்தில் மைனி. மற்ற பெண்களெல்லாம் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

தலையில் பூ வைத்திருந்தாள். செவ்வாய்க்குப் பிறகு நான் பூ வாங்கவே இல்லை. என் மனம் நோகக்கூடாது என்று அவளே வாங்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

எனக்கு மரியசெல்வத்தின் முகம் தெரியாது. எந்தப் படத்திலும் அவள் இல்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

"கஸ்பார் மாமா" என்றேன். "ஒங்க பக்கத்துல எடவெளி தெரியுது. நெருங்கி உக்காருங்க."

மாமா, "ஏளா?" என்றார்.

"நெருங்கி உக்காருங்க மாமா."

இரண்டாவது தடவை குரல் சரியாகவே வந்தது, கல்யாண வீட்டில் மாமன் மச்சானை நிறுத்திச் சொல்வதுபோல. மாமா எழுந்தார். துண்டைத் தொடவில்லை. நாற்காலியைத் துண்டோடு அப்படியே தூக்கி வரிசைக்குப் பின்னால் கொடுத்தார். அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்னால் கொண்டுபோனார்கள். பிறகு முன்வரிசை முழுவதும் நாற்காலிகளை இழுத்தது. புதுத் தரையில் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மைதிலிகூடத் தரை கீறுமே என்று சொல்லவில்லை.

பிறகு மைனியின் குரல் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. டிசம்பரிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் விட்டதுபோல ஒரு சத்தம். அந்த எட்டுப் பெண்களும் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளை நடுவில் விட்டு நெருங்கிக்கொண்டார்கள்.

நான் மூன்று படம் எடுத்தேன். இரண்டாவதில் எல்லாருக்கும் கண் திறந்திருக்கிறது. அதையே கொடுத்துவிடலாம்.

அண்ணே, உன் இடத்தை வேறு யாரும் மூடவில்லை. நான்தான் மூடினேன். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள். அவள்மேல் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து இருவரும் வெறும் கஞ்சி குடித்தோம். சாமியாரிடம் வியாழக்கிழமை பூசைக்குச் சொல்ல வேண்டும். மணப்பாட்டுக்குப் போன் செய்து அந்தத் தையல் வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நான் பாயை விரித்துக்கொண்டிருந்தபோது மைனி முன்கதவருகே போய் நின்றாள். துண்டு அவள் தோளில் இருந்தது.

"பிரிஜித், தாப்பா போடட்டுமா?"

"போடுங்க மைனி."

போட்டாள்.


பிப்ரவரி 26, திங்கள்

தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை. ஒன்பது மணிவரை தூங்கியிருக்கிறோம்.